மேஸ்திரிக்கு விழுந்த மதிப்பெண்கள்

பரீட்சையில் காப்பியடிப்பவர்களை நமக்குத் தெரியும். பக்கத்துப் பெஞ்சை எட்டிப் பார்ப்பவர்கள், சட்டைக் கைக்குள் துண்டுத்தாளைச் செருகி வைப்பவர்கள், ஒன்றுக்குப் போக வேண்டும் என்று விரலைக் காட்டிவிட்டுப் போய்ப் புத்தகத்தைப் புரட்டுபவர்கள் என்று எத்தனையோ ரகம். ஆனால் தன் தலைக்குள்ளே குடியிருப்பவனிடம் விடை கேட்டுச் சொல்லிவிட்டு, அப்புறம் மனசு உறுத்தி, "தப்புப் பண்ணிட்டேன், அந்த மார்க்கை அடிச்சிருங்க" என்று கையைத் தூக்கிய ஆள் மைக்கண்ணன் ஒருவர்தான் இருப்பார். அப்படிக் கையைத் தூக்கியதில் அவர் எப்படி மாட்டிக்கொண்டார் என்பதுதான் இங்கே விஷயம்.

மைக்கண்ணன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பேருந்து நிலையத்தில் பல வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, எது தாமதம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். நல்ல கனிந்த குரல். பெஞ்சில் தூங்குகிற குழந்தையை எழுப்பாது, வண்டிக்குள் தூங்குகிற டிரைவரை எழுப்பிவிடும். கண்டக்டர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. இப்போது மூன்று வருஷமாக அவருக்குப் பார்சல் அறையில் வேலை. பெட்டிகளின் மேல் சீட்டு ஒட்ட வேண்டும். பெட்டிகளிடம் கனிந்த குரலில் பேசி என்ன பிரயோஜனம்? பேசாமல் ஒட்டிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைக்கண்ணனுக்கு ஒரு வியாதி உண்டு. அதற்கு மனச்சிதைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவருக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை போலும். சிதைவு என்றதும் ஏதோ இடிந்து விழுந்த கட்டடம் மாதிரி ஒரு மனுஷனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மைக்கண்ணன் இடிந்தெல்லாம் விழவில்லை. ஆரம்பத்தில் ரொம்பவே கஷ்டப்பட்டார், அது உண்மை. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று பயந்து, வாரக்கணக்கில் ஜன்னலைத் திறக்காமல் இருந்திருக்கிறார். மாத்திரைகள் அந்தப் பயத்தை விரட்டிவிட்டன. ஒரு குரலை மட்டும் விரட்ட முடியவில்லை. மாத்திரைக்குப் பயந்து அது தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, இடது காதுக்குப் பின்னால் ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது.

அந்தக் குரலுக்குத்தான் மேஸ்திரி என்று பெயர். காரணப் பெயர். கட்டடம் கட்டுகிற இடத்தில் தான் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல், மற்றவர்கள் வைத்த செங்கல் கோணல் என்று நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருப்பானே, அந்த ஜாதி. "பட்டன மாத்திப் போட்டிருக்க பாரு." "அந்தாளுக்குப் போய் வணக்கம் வெக்கறியே, வெக்கமா இல்ல?" "இந்தக் கறியில உப்பு இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாத." இப்படி. கெட்டவன் இல்லை, வாய்தான் நீளம்.

மைக் பறிபோனதும் மேஸ்திரியால்தான். ஒருநாள் சாயங்காலம் ஒரு வண்டி வரவில்லை. பணிமனையில் அதை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். வராது என்று சொன்னால் ஜனங்கள் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டு வந்துவிடுவார்கள் என்பதால், "இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்படி மேலாளர் உத்தரவு. மைக்கண்ணனும் சொன்னார். திரும்பவும் சொன்னார். மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் எழுந்து சாலையைப் பார்த்துவிட்டு உட்கார்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடைசியில் ஒலிபெருக்கியில் இப்படி வந்தது:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அந்த வண்டி வராது. சக்கரம் தனியா, வண்டி தனியா கெடக்குது. மேலாளருக்கு நல்லாவே தெரியும். அவர் ரூம் கதவச் சாத்திக்கிட்டு பிஸ்கட் தின்னுக்கிட்டிருக்கார். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

ஜனங்கள் வீட்டுக்குப் போகவில்லை, மேலாளர் அறைக்குப் போனார்கள். கதவைத் திறந்தால் பிஸ்கட். மீசையில் தூள். மேலாளர் எமகாதகர். ஒரு நொடி திருதிருவென்று விழித்தார், அவ்வளவுதான். உடனே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "பாவம், அவருக்கு மனசு சரியில்ல. வியாதி. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. வண்டி வந்துக்கிட்டிருக்கு" என்றார். ஜனங்களும் மைக் அறைப் பக்கம் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். வண்டி வரவில்லை. ஆனால் அப்புறம் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"நான் சொல்லல, மேஸ்திரிதான் சொன்னான்" என்று மைக்கண்ணன் சத்தியம் செய்தார். அவருடைய அக்கா அதையே பிடித்துக்கொண்டாள். மேலாளர் அறை வாசலில் நின்று, தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் அந்தக் குரல் பண்ணிய வேலை என்று அழுது புலம்பி, வேலை போகாமல் பார்சல் அறையோடு நிறுத்தினாள். எல்லாருக்கும் திருப்தி. மைக்கண்ணனுக்கு மட்டும் மைக் வேண்டும். சாப்பாட்டை விட, தூக்கத்தை விட அதுதான் வேண்டும். பார்சல் அறையில் புது ஆளின் அறிவிப்பைக் கேட்கும்போதெல்லாம், நடைமேடை எண்ணை இப்படியா முழுங்குவது என்று அவருக்கு வயிறு எரியும்.

கேட்டுக் கேட்டு மேலாளரைச் சலிப்படைய வைத்ததில், அவர் ஒரு வழி சொன்னார். "கவனமும் ஞாபகமும் மைக் வேலைக்குப் போதும்னு டாக்டர் சொல்லட்டும். நான் யோசிக்கறேன்." அந்த வியாதிக்காரர்களின் மூளையில் ஓடுகிற மின்சாரத்துக்கும் அவர்களுடைய ஞாபகம், கவனம், யோசிக்கிற வேகம் இதற்கெல்லாமும் என்ன சம்பந்தம் என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தார் மைக்கண்ணன். துணைக்கு அக்கா.

முதல் நாள் மின்சாரம் ஒன்றும் இல்லை, வெறும் பரீட்சை. சின்ன அறை. மேஜை, மூன்று நாற்காலி, சத்தமே போடாத ஒரு கடிகாரம். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

"நான் கொஞ்சம் வார்த்தைங்க வாசிப்பேன். முடிஞ்சதும் ஞாபகம் இருக்கறத எல்லாம் சொல்லுங்க. வரிசை முக்கியமில்ல" என்றார் டாக்டரம்மா. அப்புறம் சுவர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "யார் உதவியும் கூடாது." ஏற்கெனவே உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா வாசித்து முடித்தார். மைக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, நடைமேடை எண் சொல்கிற கம்பீரத்தோடு ஆரம்பித்தார். "குடை. ஏணி. நரி. கடல். மூக்கு. சோப்பு..." அதோடு நின்றுவிட்டது. எவ்வளவு துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை. டாக்டரம்மா பேனாவோடு காத்திருந்தார்.

"பித்தளை" என்றது இடது காதின் பின்புறம். "என்னடா முழிக்கிற? பித்தளை."

"பித்தளை" என்றார் மைக்கண்ணன்.

"கத்தரிக்கோல். தபால். சொல்லு, சொல்லு. கூரை. ஜன்னல்."

மைக்கண்ணன் அதே வரிசையில் ஒப்பித்தார். டாக்டரம்மாவின் பேனா குதூகலமாக ஓடியது. "ஒட்டகச்சிவிங்கி" என்றான் மேஸ்திரி. அதையும் சொன்னார். பேனா நின்றது. டாக்டரம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். காதுக்குப் பின்னால் மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தான். சும்மா சொல்லிப் பார்த்தானாம்.

அந்தச் சிரிப்புதான் மைக்கண்ணனைக் கிளறிவிட்டது. யார் உதவியும் கூடாது என்று சொன்ன பிறகு, இன்னொருத்தன் சொன்னதைத் தன்னுடையது என்று விற்பதா? பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.

"டாக்டர், சோப்பு வரைக்கும்தான் என்னுது. பித்தளைலேர்ந்து மேஸ்திரி சொன்னது. அத அடிச்சிருங்க."

டாக்டரம்மா தன் அனுபவத்தில் நோயாளிகள் காப்பியடித்துப் பார்த்திருக்கிறார். வியாதியே இல்லாதவர்கள் ஒப்பீட்டுக்காக வந்து உட்கார்ந்து காப்பியடித்தும் பார்த்திருக்கிறார். ஒருத்தரும் ஒப்புக்கொண்டதில்லை. "மேஸ்திரின்னா, உங்களுக்குக் கேக்கற குரலா?" என்று விசாரித்தார்.

"ஆமா. அவனுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி."

"அடேய், உனக்குப் புத்தி இருக்கா?" என்றாள் அக்கா, உதவி கூடாது என்பதை மறந்து. "வந்த மார்க்க யாராவது வேணாம்பாங்களா?"

"கள்ள மார்க்குல மைக் வாங்கினா அது என் மைக்கா, அக்கா?"

"நன்றி கெட்ட பயலே" என்றான் மேஸ்திரி. நிஜமாகவே அவனுக்குக் கோபம். மற்ற பரீட்சைகளிலும் இதே கூத்துதான். எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னபோது மேஸ்திரி உதவினான், மைக்கண்ணன் காட்டிக்கொடுத்தார். முடிவில் டாக்டரம்மா இரண்டு கூட்டல் போட வேண்டியதாகிவிட்டது. மேஸ்திரியோடு சேர்த்தால் மைக்கண்ணன் மைக் வேலைக்கு வேண்டிய கோட்டைத் தாண்டிவிட்டார். மேஸ்திரியைக் கழித்தால் கோட்டுக்குக் கீழே போய்விட்டார்.

மின்சாரம் அடுத்த வாரம். தலையில் ஈரத் தொப்பி ஒன்றை மாட்டி, அதன் ஓட்டைகள் வழியாக வழவழவென்று ஒரு பசையைப் பிதுக்கி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு வயரைச் செருகினார்கள். மைக்கண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பணிமனையில் பழைய வண்டியின் பானெட்டைத் திறந்தால் இப்படித்தான் இருக்கும் என்றார். அக்கா ஒரு வயரைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். "டாக்டர், ஷாக் கிக் அடிக்காதே?"

"நாங்க கரண்ட் விடறதில்லம்மா. மூளைக்குள்ள தானா ஓடறத வெளியிலேர்ந்து ஒட்டுக் கேக்கறோம், அவ்வளவுதான்."

முதலில் காதில் மணியடித்தார்கள். ஒரே மாதிரி டிங், டிங், டிங் என்று வரும். எப்போதாவது ஒரு டொங். டொங்குகளை மட்டும் எண்ண வேண்டும். டொங் வரும்போது பெரும்பாலானவர்களின் மூளை அலை மலை மாதிரி ஒரு தடவை எழும்புமாம். மைக்கண்ணனுக்கு மலை எழும்பவில்லை. சாலையில் போடுவார்களே வேகத்தடை, அந்த உயரம்தான். "ஆனா எண்ணிக்கை ஒன்னுகூடத் தப்பல" என்று டாக்டரம்மா திரையைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். தாமதமாக வருகிற வண்டிகளுக்கு நடுவே சரியாக வருகிற வண்டியைக் கண்டுபிடித்து எண்ணிப் பழகியவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

அப்புறம் டாக்டரம்மா தாடைக்கு அடியில், தொண்டைப் பக்கம் இன்னும் இரண்டு வயர்களை ஒட்டினார். கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். "மேஸ்திரி பேசினதும் அமுக்குங்க."

"ஒட்டுக் கேக்கறாங்களாம்ல?" என்றான் மேஸ்திரி, வயர் ஒட்டி முடிப்பதற்குள். "நான் வாயத் தொறந்தா ஏன்னு கேளு."

சொன்ன மாதிரியே செய்தான். நாள் பூராவும் தொணதொணக்கிறவன் மூச்சு விடவில்லை. மைக்கண்ணன் கூப்பிட்டுப் பார்த்தார். மனசுக்குள் கெஞ்சினார். வேண்டுமென்றே சட்டைக் காலரை மடக்கி விட்டுக்கொண்டார், அதையாவது குறை சொல்லட்டும் என்று. ம்ஹூம். டாக்டரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "சரி, இன்னிக்கி இல்ல போல. கழட்டிடலாம்."

"அப்பாடா" என்றான் மேஸ்திரி. "தலையா இது, சேறு மிதிச்ச மாதிரி. இவளுக்கு வேற வேலையே இல்லையா? இந்தப் பசைய யார் கழுவறது?"

மைக்கண்ணன் பொத்தானைப் படபடவென்று அமுக்கினார். கழற்றுவதாகப் போக்குக் காட்டிய டாக்டரம்மா நின்ற இடத்திலிருந்தே திரையைப் பார்த்து, விஷமமாகச் சிரித்தார்.

திரையில் தொண்டைக்கென்று ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை நேராகப் போன கோடு, மேஸ்திரி பேசிய ஒவ்வொரு இடத்திலும் புல் முளைத்த மாதிரி சிலுப்பிக்கொண்டிருந்தது. பொத்தான் அமுக்கியதற்குச் சற்று முன்னால் புல் முளைக்கும், பேச்சு முடிந்ததும் புல் படுத்துவிடும்.

"இது என் தொண்டையா?" என்றார் மைக்கண்ணன்.

"உங்க தொண்டைதான். சத்தம் வெளிய வரல, ஆனா பேசறதுக்கு ஆடற மாதிரி ஆடுது." டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். நாம் பேசும்போது, மனசுக்குள் பேசினாலும்கூட, பேசுகிற பகுதி கேட்கிற பகுதிக்கு முன்கூட்டியே ஒரு தகவல் அனுப்பிவிடுமாம், இது நம்ம பேச்சுதான், கண்டுகொள்ளாதே என்று. சிலருக்கு அந்தத் தகவல் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. கேட்கிற பகுதி பார்க்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பேச்சு வந்து நிற்கிறது. யாரோ வெளியாள் என்று முடிவு கட்டிவிடுகிறது. "எல்லாருக்கும் இப்படித்தான்னு நான் சொல்ல மாட்டேன். இன்னும் நெறைய பாக்கணும். உங்க விஷயத்துல இப்படித்தான் இருக்கும்னு தோணுது."

முன்னறிவிப்பு இல்லாமல் வண்டி உள்ளே வந்தால் நிலையத்தில் என்ன குழப்பம் நடக்கும் என்பது மைக்கண்ணனுக்குத் தெரியாதா? விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்ததும் தூக்கிவாரிப் போட்டது.

"அப்போ அவன் பேசற பேச்செல்லாம் என் பேச்சா? அக்கா சமையலப் பத்திச் சொல்றது?"

"அதுவும்."

"என்னடா சொல்லுது என் சமையலப் பத்தி?" என்றாள் அக்கா.

மைக்கண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாகத் தன்னைத் திட்டியவன், கேலி செய்தவன், தனியாக இருந்தபோது கூடவே இருந்து சிரிக்க வைத்தவன், எல்லாம் தான்தானா? அவமானமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தனக்கு இவ்வளவு நகைச்சுவை உணர்ச்சி உண்டு என்று அவருக்குத் தெரியாது.

"அந்தப் பித்தளையும் கத்தரிக்கோலும் உங்க ஞாபகத்துலேர்ந்து வந்ததுதான்" என்றார் டாக்டரம்மா. "நீங்க யாரையும் பாத்துக் காப்பியடிக்கல. நீங்க ஒத்துக்கிட்டா மொத்த மார்க்கையும் உங்க கணக்குலயே எழுதறேன். கோட்டைத் தாண்டிட்டீங்க."

மைக் கண் முன்னால் வந்து நின்றது. "எழுதுங்க டாக்டர்" என்றார் மைக்கண்ணன். வேறு எதையும் அவர் யோசிக்கவில்லை. மேஸ்திரி மட்டும் "ம்ம்" என்று ஒரு இழுப்பு இழுத்தான்.

அந்த இழுப்புக்கு அர்த்தம், மேலாளர் வந்தபோது தெரிந்தது. மைக் என்பது பார்சல் மாதிரி இல்லை, ஒரு தடவை வெளியே போனதைத் திருப்பி உள்ளே போட முடியாது, அதனால் நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன் என்று அவரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். டாக்டரம்மா மைக்கண்ணனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, திரையைக் காட்டி, மதிப்பெண்ணைச் சொல்லி, மேஸ்திரி விஷயத்தையும் புல் முளைத்ததையும் விளக்கினார். மேலாளர் அவ்வப்போது தலையாட்டிக்கொண்டு, மைக்கண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் ஆறுதலாகப் புன்னகை செய்துகொண்டு கேட்டார். கேட்டுக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் புன்னகையை நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம் டாக்டர். மேஸ்திரி சொன்ன விடை எல்லாம் இவரோட விடை. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்போ அன்னிக்கி மைக்ல மேஸ்திரி பேசினது?"

அக்காவின் மடியிலிருந்து கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. வியாதி பேசியது என்றுதானே மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலையைக் காப்பாற்றினாள்? வியாதி பேசவில்லை, தம்பிதான் பேசினான் என்றால் அது ஒழுங்கீனம். பார்சல் அறைகூட மிஞ்சாது.

"சார், அது வேற, இது வேற" என்றாள்.

மேலாளருக்கும் அது வேறாக இருப்பதே சௌகரியம். குரலைக் குழைத்துக்கொண்டார். "அதான் நானும் சொல்றேன். நீங்க அலட்டிக்காதீங்க, அண்ணே. அன்னிக்கிப் பேசினது அந்தக் குரல்தான்னு சொல்லிடுங்க, முடிஞ்சது. மார்க்கும் அந்தக் குரலோடது. பார்சல்ல நிம்மதியா இருந்துட்டுப் போங்க. உடம்பப் பாத்துக்குங்க."

மைக்கண்ணன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். வியர்த்திருந்தது. ஒரு பக்கம் குற்றமில்லாத பார்சல் அறை, இன்னொரு பக்கம் குற்றத்தோடு மைக். அதுவும் கிடைத்தால்தான் உண்டு. கிடைக்காவிட்டால் இரண்டும் போச்சு.

"என் தலையில போட்ரு" என்றான் மேஸ்திரி. கேலி இல்லாமல் அவன் பேசி மைக்கண்ணன் கேட்டதே இல்லை. "மேஸ்திரிதான் பேசினான்னு சொல்லு. எனக்கென்ன வந்துச்சு, நான் என்ன சம்பளமா வாங்கறேன்?"

மைக்கண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் மேல் அவருக்கு இவ்வளவு பிரியம் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பிரியத்தோடு, நிலையத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களும் ஞாபகம் வந்தன. ஒவ்வொரு தடவையும் எழுந்து சாலையைப் பார்த்தார்களே. அன்று முதல் தடவை பொய் சொன்னபோதே அவருக்கு வாய் கூசியது. வண்டி வராது என்பது அவருக்குத் தெரியும். சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் அவர்தான்.

"நான்தான் சார் சொன்னேன்" என்றார்.

"என்ன?"

"வண்டி வராதுன்னு நான்தான் சொன்னேன். நீங்க பிஸ்கட் தின்னுக்கிட்டிருந்தீங்கன்னும் நான்தான் சொன்னேன்."

மேலாளரின் முகத்தில் மூன்று வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்த அந்த ஆறுதல் புன்னகை முழுசாகக் கழன்று விழுந்தது.

"யோவ்!" என்றார். நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. "என்னய்யா நெனச்சுக்கிட்டிருக்க? பாவம் பாவம்னு நான் ஒவ்வொரு நாளும் வந்து உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா, நீ உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டா இருந்த? இது வியாதி இல்லய்யா. திமிரு. வாய்க்கொழுப்பு!"

"வியாதியும் இருக்கு சார்" என்றார் டாக்டரம்மா. "ரெண்டும் சேந்து இருக்கலாம். மருந்து ஒன்னுக்குத்தான் குடுக்க முடியும்."

"இன்னொன்னுக்கு நான் குடுக்கறேன். மெமோ!"

வேலையை விட்டே தூக்கிவிடுவார் என்றுதான் அக்கா பயந்துகொண்டிருந்தாள். மேலாளருக்கும் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. ஆனால் எமகாதகர் என்று சொன்னேனே, கோபத்திலும் கணக்குத் தப்பாது. தூக்குவதென்றால் விசாரணை வைக்க வேண்டும். விசாரணை வைத்தால் சக்கரம் எங்கே கிடந்தது என்று கேட்பார்கள். மெமோ என்றால் நாலு சுவருக்குள் முடிந்துவிடும். மைக்கில் பேசியதற்கு மெமோ கொடுப்பதென்றால் வாங்குகிறவன் மைக் ஆளாக இருக்க வேண்டும், சீட்டு ஒட்டுகிறவனுக்குக் கொடுத்தால் மேலிடத்தில் சிரிப்பார்கள். இவ்வளவையும் அவர் மூச்சு வாங்குகிற நேரத்தில் யோசித்து முடித்தார்.

"திங்கக்கிழமை காலைல மைக் ரூம்ல வந்து ஒக்காரு. ஒக்காந்த ஒடனே மெமோ வரும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்க. திருட்டுப்பய மாதிரி மூணு வருஷம் பார்சல் ரூம்ல பதுங்கிக்கிட்டு..."

நிறுத்தவில்லை அவர். முன்கோபி, அகங்காரம் பிடித்தவன், சோறு போட்ட இடத்துக்குத் துரோகம் செய்தவன் என்று வரிசையாக வந்தது. மைக்கண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வியாதி வந்த நாளிலிருந்து வெளியாள் யாரும் அவரைத் திட்டியதில்லை. என்ன செய்தாலும் தலையாட்டுவார்கள், மாத்திரை போட்டாயா என்று கேட்பார்கள், தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவரோடு சண்டை போடலாம் என்றுகூட ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. இப்போது ஒரு மனுஷன் கழுத்து நரம்பு புடைக்க, எச்சில் தெறிக்க, முழு மூச்சோடு அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். மைக்கண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அக்காவால்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். "சார், போதும் சார். அவன் உடம்பு சரியில்லாதவன். அவனப் போயி..."

"அக்கா, நீ குறுக்க வராத" என்று மைக்கண்ணன் அவளை மெதுவாக ஓரமாக நகர்த்தினார். "சார் என்னத்தான் திட்டறார்."

மேலாளர் மேஜை மேலிருந்த தண்ணீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.